கவிழ்த்து வைத்த ஜாடிகள்

ஹாம்பர்க், அக்டோபர் 9

அன்பு மனைவி ரஜாவுக்கு,

இறைவன் அருளால் நலம். நீயும் பிள்ளைகள் இருவரும் நலமா? உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே ஒரு வேடிக்கை. சனிக்கிழமை சந்தை கலையும் நேரத்தில் பிஞ்சுக் கத்தரிக்காய் பாதி விலைக்குக் கிடைத்தது. குளிர்காலத்துக்குள் நீங்களும் வந்துவிடுவீர்கள் என்று நால்வருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு கிலோ வாங்கிவிட்டேன். நீ செய்வதுபோலவே வேகவைத்து, உப்பிட்டு, மிளகாயும் வால்நட்டும் பூண்டும் அடைத்து, நீர் வடிய ஜாடிகளைத் தலைகீழாகக் கவிழ்த்தேன்.

அறைத் தோழர் அபூ நிஸார் சிரித்தார். "என்னப்பா, ஊருக்கே மக்தூஸ் ஊறுகாய் போடுறியா?"

"வீட்டுக்காரி வந்ததும் உப்பு கூடிப்போச்சுன்னு சண்டை போடணும்ல, அதுக்குத்தான்" என்றேன்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. உங்கள் மூவருக்கும் இந்த முறையும் விசா இல்லையாம். பிள்ளைகளிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

ஜாடிகள் இன்னும் கவிழ்ந்தே நிற்கின்றன. எண்ணெய் ஊற்றாவிட்டால் கெட்டுவிடும் என்று தெரியும், கை வரவில்லை. அபூ நிஸாரும் இப்போது கிண்டல் செய்வதில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒன்றை மட்டும் உடனே எழுது. ஒற்றை ஆளுக்கு ஒரு குளிர்காலத்துக்கு எத்தனை கத்தரிக்காய் போதும்? நம் வீட்டில் அவ்வளவு கொஞ்சமாக யாரும் போட்டதே இல்லையே.

உன்,
நாதிர்