ஒரு குறையும் இல்லைங்கய்யா

மதினி,

இன்று விடியற்காலையில் நல்ல மழை. பழக்கத்தில், ஒழுகும் தண்ணீரைப் பிடிக்க அலுமினியப் போணியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் தூங்கும் அறைக்குள் ஓடினேன். உள்ளே போன பிறகுதான் உறைத்தது, வைக்க இடமில்லை. புதுத் தகரம், ஒரு பொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. வெறும் போணியோடு திருதிருவென்று விழித்தபடி நின்றேன். நீ இருந்திருந்தால், "என்னடி, பிச்சைக்கு வந்தவ மாதிரி நிக்கிற?" என்று கேட்டிருப்பாய். "நீ போட்டாத்தானே வாங்க" என்று நானும் சொல்லியிருப்பேன்.

மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஜீப்பு இருட்டோடு கிளம்பிவிடும். அங்கன்வாடி திறப்பதோ வெயில் ஏறிய பிறகு. அதுவரை பிள்ளைகளை வைத்துப் பார்க்கத்தான் நம் சங்கத்துப் பெண்கள் சேர்ந்து இந்த ஓட்டை அறையைப் பிடித்தோம்.

போடியில் ஏலக்காய் வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை, நம்மைப் போன்ற சின்ன அமைப்புகளுக்கு வருடா வருடம் நிதி கொடுப்பது உனக்குத்தான் முதலில் தெரிந்தது. மனு வாங்குவார்கள், நேரில் வந்து பார்ப்பார்கள், யாருக்கு அவசரமோ அவர்களுக்குக் கொடுப்பார்கள். கூரைக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆளின் சம்பளத்துக்கும் கேட்டோம்.

அவர்கள் வருகிறார்கள் என்றதும் உனக்குப் பெண் பார்க்க வருகிற பரபரப்பு. தெருவெல்லாம் அலைந்து பாய் வாங்கினாய், எவர்சில்வர் டம்ளர் வாங்கினாய். பிள்ளைகளுக்குப் பவுடர் அப்பினாய். போணியை அறைக்குப் பின்னால் ஒளித்தாய். கூரை ஓட்டை தெரியாமல் உன் கல்யாணச் சேலையை மேலே விரித்துக் கட்டினாய்.

"மதினி, மாப்பிள்ளை யாருக்கு? உனக்கா, எனக்கா?"

"வாயை மூடிட்டு வெரசா கூட்டுடி."

கண்ணாடி போட்ட ஒரு பெரியவரும், குறிப்பெடுக்க ஒரு பெண்ணும் வந்தார்கள். அன்றைக்கென்று வானம் பளிச்சென்று வெளுத்திருந்தது. ஏலக்காய் மணக்க நீ வைத்த பாயசத்தை இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்துவிட்டு அவர் கேட்டார், "என்னம்மா குறை? தயங்காமச் சொல்லுங்க."

"ஒரு குறையும் இல்லைங்கய்யா. உங்க புண்ணியத்துல எல்லாம் நல்லாருக்கு" என்றாய் நீ.

நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ தொடையில் கிள்ளினாய் பார், நாலு நாளைக்குக் கன்றிப்போயிருந்தது.

அவர்கள் போனதும் சண்டைக்கு வந்தேன். "வந்தவுககிட்ட மூஞ்சிக்கு நேரா அது இல்லை, இது இல்லைன்னு சொல்லுவாகளாடி? அதான் மனுவுல எழுதியிருக்குல்ல. படிச்சவுக, புரிஞ்சுக்கிடுவாக" என்றாய்.

புரிந்துகொள்ளவில்லை மதினி. அந்தப் பெண் போனில் எவ்வளவு பிரியமாகச் சொன்னாள்! "உங்க இடத்தைப் பார்த்து எங்களுக்கு ரொம்பத் திருப்தி. ஆனா உங்களைவிடக் கஷ்டப்படுறவங்க இருக்காங்க. இந்த வருஷம் அவங்களுக்கு." அவர்களைச் சொல்லி என்ன செய்ய? நாம் காட்டியதைத்தான் பார்த்தார்கள்.

அந்த வருஷத்து மழையில் கூரை ஒரு பக்கம் உட்கார்ந்தது. அறையைப் பூட்டினோம். சிலர் பிள்ளைகளைத் துண்டில் சுற்றி ஜீப்பிலேயே மலைக்குத் தூக்கிப் போனார்கள். கோடி வீட்டுச் செல்வி பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் கண்ணில் படாமல் நீ பின்சந்து வழியாகப் போக ஆரம்பித்தாய். "என்ன மதினி, அந்தப் பக்கம் கடன்காரன் நிக்கிறானா?" என்று கேலி செய்தேன். நீ சிரிக்கவில்லை. என் கேலிக்கு நீ சிரிக்காதது அதுதான் முதல் தடவை. அடுத்த மழைக்கு நீ இல்லை.

இந்த வருடம் நானே மனுப் போட்டேன். அதே பெரியவர், அதே பெண். நான் ஒரு பாய்கூட வாங்கவில்லை. பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து, அவரைச் சரியாக ஓட்டைக்குக் கீழே உட்காரவைத்தேன். வெளியே தூற்றல். அவர் வழுக்கையில் டொக்கென்று ஒரு சொட்டு.

அண்ணாந்து பார்த்தார். "போன தடவை இது இல்லையேம்மா?"

"இருந்துச்சுங்கய்யா. எங்க மதினி சேலைக்கு மேல இருந்துச்சு."

"அந்தம்மா எங்க?" என்றார். நீ போய்ச் சேர்ந்துவிட்டதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

கூரை வந்துவிட்டது. சம்பளத்துக்கும் ஆள் போட்டாயிற்று. செல்வி தம்பியை இங்கே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள், கூடப் படித்தவர்களுக்கு ஒரு வகுப்பு கீழே. அந்த ஒரு வகுப்பை எந்த அறக்கட்டளையிடம் மனுப் போட்டுக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு அவரிடம் எல்லாக் குறையையும் சொன்னேன் மதினி. ஒன்றைக்கூட விடவில்லை. சொல்லி முடிக்கும்வரை என் கை தானாகத் தொடையைப் பொத்திக்கொண்டிருந்தது.

நீ கிள்ளவில்லை. கிள்ளியிருக்கலாம்.