பொது மனுவில் சேராத பெயர்

லாத்தா,

இன்று காலை கடையைத் திறக்கும்போதே வாசலில் ஆட்கள் நின்றார்கள். சட்டமன்ற மனுக்கள் குழு மறுபடியும் நம் மாவட்டத்துக்கு வருகிறதாம். தாலுகா ஆபீஸ் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். மனு ஐந்து பிரதி வேண்டும் என்பதால் ஜெராக்ஸ் மெஷின் மத்தியானம் வரை ஓயவில்லை. கடை முழுக்கச் சூடான தாளின் வாசம். அந்த வாசத்தில் நீங்கள் நினைவுக்கு வந்துவிட்டீர்கள். புர்காவை இழுத்துவிட்டுக்கொண்டு, வெயிலைத் திட்டிக்கொண்டு, யாரையும் கேட்காமல் என் ஸ்டூலில் உட்காருவீர்களே, அப்படியே.

முதல் தடவை வந்தபோதே அதட்டல்தான். "ஏளா, நீதான மனு எழுதுத பிள்ள? நான் சொல்லச் சொல்ல எழுது. உன் சொந்தச் சரக்கு எதையும் சேக்காத." நானும் 'சரி லாத்தா' என்று, அக்கா சொல்லுக்கு அடங்கிய தங்கச்சி மாதிரி எழுதினேன். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் உங்கள் தெருவுக்கு அந்தப் பழைய நடைபாலம் ஒன்றுதான் வழி. பைக் போகும், ஆட்டோ போகாது. நெஞ்சுவலி வந்த உங்கள் வீட்டுக்காரரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் அந்தக் குறுகலில் ஒருச்சாய்ந்து ஒருச்சாய்ந்து தூக்கிக்கொண்டு, அக்கரையில் நின்ற ஆம்புலன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். ஏற்றும்போதே உயிர் இல்லை. சவுதியில் இத்தனை வருஷம் கிடந்துவிட்டு, இனி எங்கேயும் போகமாட்டேன் என்று வந்த மனுஷர். எல்லாவற்றையும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் சொன்னீர்கள். எழுதிய எனக்குத்தான் தாள் நனைந்தது.

அந்த மனு திரும்பி வந்தது. தனிநபர் குறை, குழு எடுத்துக்கொள்ள இயலாது என்று பதில்.

"தனிநபரா? அந்தப் பாலத்துல நான் ஒருத்திதான் நடக்கேனா?" என்று என்மேல் பாய்ந்தீர்கள். என்னமோ நான்தான் சென்னையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட மாதிரி. மனுவை மறுபடி படித்துப் பார்த்தால் தப்பு தெரிந்தது. பாலம் கேட்டது கடைசியில் ஒரே ஒரு வரி. மேலே இரண்டு பக்கமும் அவர் சாவுக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்விதான். குழுவுக்கு அப்படிப் போகக்கூடாது. ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, அதுவும் ஊருக்கெல்லாம் பொதுவானதாக இருக்க வேண்டும். "பொதுவா எழுதணும்னா அவரை விட்டுட்டுத்தான் எழுதணும், லாத்தா" என்றேன்.

திரும்பி வந்த மனுவில் அவர் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவினீர்கள். பிறகு பையச் சொன்னீர்கள். "மனுசன்தான் போயாச்சு. பேர மட்டும் வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? எடுத்துரு. பாலம் வரட்டும்."

எடுத்தேன். 'அவசர ஊர்தி வர இயலாததால் பொதுமக்கள் மிகுந்த அவதிக்குள்ளாகின்றனர்' என்று எழுதினேன். இரண்டு பக்கம் ஒரு வரியாகிவிட்டது. ஐந்து பிரதியிலும் கையெழுத்துப் போட்டீர்கள். வழக்கமாக எழுத்துப் பிழை தேடி என்னிடம் வம்புக்கு நிற்பவர், அன்றைக்கு ஒரு வரிகூடப் படித்துப் பார்க்காமல் போனீர்கள்.

மனு எடுத்துக்கொள்ளப்பட்டது. குழு துறையிடம் விளக்கம் கேட்டது. நிதி ஒதுக்கீடு பரிசீலனையில் உள்ளது என்று துறை எழுதியது. குழு மறுபடி கேட்டது. கடைப்பக்கம் வரும்போதெல்லாம் "பதில் வந்துட்டா ளா?" என்பீர்கள். வரவில்லை என்றால், "பாபநாசம் அணையத் திறந்தாத்தான நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி. பொறுப்போம்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போவீர்கள்.

கடைசியாகப் பார்த்தது பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில். காய்ச்சல் என்று போய்ச் சேர்ந்தவர், கிழிந்த நாராகக் கிடந்தீர்கள். "குழு வந்தா நீ போ ளா. எனக்குப் பிள்ளையா குட்டியா, யாரு போவா? மனு அத்துப்போயிரக் கூடாது" என்றீர்கள். "சும்மா கெடங்க, நீங்களே வருவீங்க" என்று கோபப்பட்டேன். நீங்கள் மவுத்தான பிறகுதான் குழு கூடும் தேதியோடு கடிதம் வந்தது. பதில் வரும் முகவரியாக என் கடையைத்தானே கொடுத்திருந்தீர்கள்.

கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்கில் உங்கள் பெயரை வாசித்தார்கள். எழுந்து, "மனுதாரர் தவறிட்டாங்கய்யா. அவங்களுக்காக நான் வந்திருக்கேன்" என்றேன். துறை அதிகாரி உடனே, மனுதாரர் இல்லாததால் மனுவை முடித்து வைக்கலாம் என்றார். குழுத் தலைவர் மனுவைப் புரட்டிப் பார்த்தார். "இது சொந்த மனு இல்லையே, பொது மனுவாச்சே. அந்தம்மா போயிட்டா பாலத்துல வேற யாரும் நடக்கலையா?" என்று அதிகாரியைக் கேட்டார். வேலையை எப்போது தொடங்குவீர்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டார். உங்கள் வீட்டுக்காரர் பெயரை எடுத்ததால்தான் உங்கள் மனு பிழைத்தது, லாத்தா.

பிறகு தலைவர் என்னைப் பார்த்து, "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார். உங்கள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மறுபடி தனிநபர் குறை ஆகிவிடுமோ என்று பயம். "இல்லைங்கய்யா" என்று உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் ஆள் பார்க்க அழுதேன்.

புதுப் பாலம் வந்துவிட்டது. போன மாதம் உங்கள் எதிர்வீட்டு மருமகளுக்கு வலி கண்டபோது ஆம்புலன்ஸ் அவள் வீட்டு வாசலிலேயே போய் நின்றது. தாயும் பிள்ளையும் சுகம். தெருவே சந்தோஷமாக இருந்தது. எனக்கு உங்கள் பூட்டிய கதவைப் பார்க்கப் பார்க்க ஆற்றாமையாக வந்தது. இந்த வண்டி அன்றைக்கு வந்திருந்தால் அவரும் இருந்திருப்பார், நீங்களும் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பீர்கள் என்றுதான் தோன்றுகிறது.

அரங்கில் விழுங்கிய பேச்சு இன்னும் எனக்குள்ளேயே கிடக்கிறது. மனுவில்தான் எழுத முடியவில்லை, இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அவர் பெயர் மைதீன். உங்கள் வீட்டுக்காரர். அந்தப் பாலத்தில் ஆம்புலன்ஸ் வர முடியாததால் செத்துப்போனார்.