மாஸ்க் போட மாட்டேன்

பிப்ரவரி 6
கீழுதட்டுப் புண்ணுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. தோல் புற்றுநோய். இத்தனை மாதமாக வாஸ்லின் தடவிக்கொண்டிருந்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க. "வேற எங்கயும் பரவல. வெட்டி எடுத்துடலாம்," என்றார் சர்ஜன். "உதடு கொஞ்சம் குறையும். ஓரமா இழுத்துக்கும்." எவ்வளவு என்று கேட்டேன். வெட்டிப் பார்த்தால்தான் தெரியுமாம்.

இந்தச் சனியன் மூக்கில் வந்திருக்கக் கூடாதா? காது கேளாத பிள்ளைகளுக்கு டீச்சர் நான். என் உதட்டைப் பார்த்துத்தான் அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். பேசப் பழகுவதும் அதைப் பார்த்துத்தான்.

பிப்ரவரி 9
தலைமை ஆசிரியை கூப்பிட்டார். "உடம்பப் பாத்துக்குங்க டீச்சர். திரும்பி வந்ததும் ஆபீஸ் வேலை தரேன். பிள்ளைங்க பயந்துடக் கூடாது பாருங்க."

பிள்ளைகளா பயப்படுவார்கள்? பயம் இவருக்கு. என் வகுப்புதான் எனக்கு வேண்டும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 20
ஆபரேஷன். மரத்துப்போக ஊசி போட்டு ஓர் அடுக்கு வெட்டினார்கள். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடிக்கும்வரை, கட்டுப் போட்டு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். "ஓரத்துல இன்னும் இருக்கு." மறுபடி உள்ளே. மறுபடி பெஞ்ச். மறுபடி உள்ளே.

கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தார். இவளால் பதில் பேச முடியாது என்ற தைரியம். கடைசியில், "சுத்தமா எடுத்தாச்சு," என்றார் சர்ஜன். அழுதது அவரில்லை, நானுமில்லை, என் வீட்டுக்காரர்.

பிப்ரவரி 21
சூப். ஸ்பூன். கடுப்பு.

மார்ச் 12
தையல் பிரித்தாயிற்று. கணவரின் தங்கை ஒரு பை நிறைய மாஸ்க் கொண்டுவந்தாள். பூப்போட்டது, கோடுபோட்டது. "வெளிய போறப்ப போட்டுக்குங்க அண்ணி, யாருக்கும் தெரியாது."

பிள்ளைகளுக்கும்தான் எதுவும் தெரியாது! மாஸ்க் போட்டால் அவர்களுக்கு நான் வாயே இல்லாத டீச்சர். அத்தனையையும் மடித்து அவள் பையிலேயே போட்டேன். கோபித்துக்கொண்டு போனாள். போகட்டும்.

பாத்ரூம் கண்ணாடி மேல் துண்டைத் தொங்கவிட்டது யார் என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை. நான்தான். துண்டு காய வேண்டாமா?

மார்ச் 25
வகுப்பு. ஆறு பிள்ளைகளும் என் வாயையே பார்த்தார்கள். எப்போதும் அங்கேதான் பார்ப்பார்கள் — இருந்தாலும். படத்தைக் காட்டாமல் "பாம்பு" என்றேன். இடது பக்கம் உதடு மூடவில்லை. ஒருவருக்கும் புரியவில்லை. இன்னொரு தடவை. ம்ஹூம்.

வாலு எழுந்து வந்தாள். வகுப்பையே ஆட்டிவைக்கிற சுருட்டைமுடிக்காரி. தழும்பை விரலால் தொட்டு, "வலிக்குதா மிஸ்?" என்றாள். "இல்ல," என்றேன். அது புரிந்தது. சாயங்காலத்துக்குள் பாதி புரிந்தது. மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பேச்சுப் பயிற்சிக்கு நானும் பிள்ளையும் சேர்ந்து பார்க்கிற கண்ணாடியை மட்டும் அலமாரியிலிருந்து எடுக்கவில்லை. ஒரே தூசி.

ஏப்ரல் 18
தலைமை ஆசிரியை வகுப்பைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு அழைத்தார். "என்ன டீச்சர் இது? எல்லாப் பிள்ளைங்களும் வாயை இடது பக்கம் கோணிக்கிட்டுப் பேசுதுங்க."

திரும்பிப் பார்த்தேன். அட கடவுளே, ஆறு கோணல் வாய்! என்னைப் பார்த்துத்தானே பழகுகிறார்கள், வேறெப்படி இருக்கும்? தழும்பு இழுக்க இழுக்கச் சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையாயிற்று என்று தெரியவில்லை.

"அதுக்குத்தான் சொன்னேன், ஆபீஸ்ல..." என்று தொடங்கினார்.

"ஒரு வாரம் குடுங்க மேடம். நேராக்கிக் காட்டறேன்." கெஞ்சவில்லை.

ஏப்ரல் 19
கண்ணாடியைத் துடைத்து மேசைமேல் நிறுத்தினேன். வாலுவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு என் வாயைச் சரியாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மோசம்தான். நான் நினைத்த அளவுக்கு இல்லை.

"இது என் வாய். அது உன் வாய். நீ உன் வாயால பேசு," என்றேன்.

இரண்டு உதட்டையும் நேராக மூடித் திறந்து, "பாம்பு," என்றாள். பிறகு கண்ணாடியில் என்னைக் காட்டி, "இப்ப நீங்க மிஸ்."

சொன்னேன்.

"கோணல்."

"கோணல்தான். ஆனா புரியுதா?"

"புரியுது."

வீட்டுக்கு வந்து பாத்ரூம் கண்ணாடி மேலிருந்த துண்டை எடுத்து மடித்து வைத்தேன். காய்ந்துவிட்டது.