மல்லிகாவின் சீட்டுகள்

4.7.86, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். எங்கள் பக்கம் வெள்ளிதான் வார லீவு, ஆபீஸ் இல்லை. மதியம் பாக்கார் ஆராங்கில் ராஜன் வீடு. லண்டனிலிருந்து அவன் அண்ணன் அனுப்பிய விளையாட்டுப் பெட்டி. பலகை கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கொரு வேஷம், அதன் விவரம் எழுதிய ஒரு தாள். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். பலிக்குமா இல்லையா என்பதை இருபது முக டைஸ் சொல்லும். மற்றதெல்லாம் கதைக்காரன் கையில். கதைக்காரன் நான். ஆங்கிலப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தவன் நான் ஒருத்தன்தான்.

யார் யார்:
ராஜன் - மந்திரவாதி. வேறென்ன.
ஸ்டெல்லா - வீரசேனன், வாள்காரன். ஆம்பிளை!
மூர்த்தி - மல்லிகா, வில்லாளி. மீசையோடு.

மூர்த்தி எஸ்டேட் பள்ளியில் என் பக்கத்து பெஞ்சு. இப்போது கூலிமில் கையுறை ஆலை, ஷிப்ட். மல்லிகா என்றதும் ராஜன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான். மூர்த்தி: "பொம்பளயா இருந்தா என்னா லா? டைஸுக்குத் தெரியவா போவுது?"

நானே போட்ட சட்டம்: இரண்டு வேஷங்கள் ரகசியம் பேச வேண்டுமானால் சீட்டில் எழுதி என்னிடம் தர வேண்டும். நான் சேர்ப்பேன். வெளியில் அதைப் பற்றி மூச்சு விட்டால் அந்த வேஷம் செத்தது. எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஸ்டெல்லா ராஜனை "அண்ணே" என்கிறாள். என்னை "அருள்". வெறும் அருள். மூர்த்தியை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடுவதில்லை.

11.7.86, வெள்ளி

மழை. பேன்ட் முழங்கால் வரை சேறு. மல்லிகா சத்திரத்துக்கு வந்தாள். சத்திரக்காரன் நான். அவள் இடுப்பைக் கிள்ளுவதாகச் சொன்னேன். மூன்று முறை.

"பொம்பளயா வந்தா இதெல்லாம் இருக்கும்டா. பொம்பளக் குரல்லயே கத்து. இல்லாட்டி ஆட்டம் போச்சு," என்றேன்.

ராஜன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். மூர்த்தி குரலை மாற்றவில்லை. "மல்லிகா அவன் கைய எடுத்து மேசை மேல வைக்கிறா. அப்புறம் சாப்பிடுறா." அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

ஸ்டெல்லா சிரிக்கவேயில்லை. "நான் ஏன் ஆம்பிளயா வந்தேன் தெரியுமா, அருள்? பஸ்ல தினம் இதான். இங்கயுமா?"

ராஜன் அம்மா, பொரித்த வாழைப்பழ பீசாங் கோரேங் தட்டோடு: "இதென்ன விளையாட்டு பிள்ளையள்? ஒருத்தரும் அசையாமல் இருந்து கதைக்கிறியள்."

கிளம்பும்போது மூர்த்தியின் குடையை ஸ்டெல்லா எடுத்து நீட்டினாள். பேர் சொல்லாமல். ஏன் சொல்வதில்லை என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. வயிறு எரிகிறது. இரண்டு வருஷமாக அவளுடைய பயிற்சிக் கல்லூரிக் கட்டுரைகளை டைப் அடித்துக் கொடுக்கிறவன் நான். கையுறை முக்குகிறவனுக்குக் குடை.

18.7.86, வெள்ளி

வெயில். பல் வலி, இடது பக்கம். மலை ஏறும் காட்சி. இரண்டு சீட்டு வந்தது.

மூர்த்தி: "வீரசேனரே, மலை இறங்கியதும் எல்லாரும் போய்விடுவார்கள். நீங்கள் நிற்பீர்களா? - மல்லிகா."

ஸ்டெல்லா: "மல்லிகா, உன் அம்புக்கூட்டை நான் சுமந்து வருகிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. - வீரசேனன்."

இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எதையும் சேர்க்கவில்லை. ஆளுக்கு ஒரு முறை என் முகத்தைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள். நல்ல வேடிக்கை.

20.7.86, ஞாயிறு

ஆபீஸ் முடிந்து வந்தால் வாசலில் மூர்த்தி. அவன் அம்மா அத்தை மகளைப் பேசி வைத்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்குள் பதில் சொல்லியாக வேண்டுமாம்.

"ஸ்டெல்லா ஒரு வார்த்த சொன்னா போதும்டா. வேதக்காரப் பிள்ளன்னு அம்மா கத்தும், கத்தட்டும், நான் பேசிக்குவேன். நேர்ல கேக்க வாய் வர மாட்டேங்குது. மல்லிகாவா எழுதுனா வருது. சீட்டக் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"என்னா சொல்லிச்சி?"

"படிச்சிட்டுச் சிரிச்சா."

"எப்டி சிரிச்சிச்சி?"

"ராஜன் சிரிப்பான்ல, அந்த மாரி."

கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். மீதியை நான் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

25.7.86, வெள்ளி

மேக மூட்டம். மழை இல்லை. மூர்த்திக்கு மூன்று மணிக்குக் கம்பெனி பஸ். அதற்குள் முடிக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

கயிற்றுப் பாலம். மல்லிகா முதலில். எனக்கு மட்டும் தெரியும்படி அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருட்டினேன். பதினெட்டு. துள்ளி ஓடியிருப்பாள்.

"ரெண்டு," என்றேன். "கயிறு அறுந்துச்சி. மல்லிகா செத்தா."

மூர்த்தி தடுப்பை எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கிற ஆள் இல்லை. அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது. மல்லிகாவின் தாளை நாலாக மடித்து என்னிடம் கொடுத்தான். "பஸ்ஸுக்கு நேரமாச்சி." போய்விட்டான்.

கேட் சத்தம் அடங்கியது. ஸ்டெல்லா: "வீரசேனன் குதிக்கிறான்."

"எதுக்கு? அவ செத்தாச்சி. சட்டப்படி..."

"சட்டம் கிடக்கட்டும் அருள். குதிக்கிறான்."

ராஜன் இந்த முறை சிரிக்கவில்லை. டைஸைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உருட்டவில்லை. ஓடியிருந்தால் அவனை பஸ் நிறுத்தத்தில் பிடித்துச் சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷ நடை. இன்னொரு பீசாங் கோரேங் எடுத்துக்கொண்டேன்.

27.7.86, ஞாயிறு

மூர்த்தி சரி சொல்லிவிட்டானாம். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழன் நான்தானாம். "உன்ன விட்டா எனக்கு யாருடா?" என்றான். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பல் பிடுங்கியாயிற்று.

1.8.86, வெள்ளி

லேசான தூறல். ஆட்டம் இல்லை. பஸ் நிறுத்தத்தில் ஸ்டெல்லா. கல்யாண விஷயம் ராஜன் சொல்லித் தெரிந்திருக்கிறது. கண் வீங்கியிருந்தது. வாட்டர் ப்ரூப் பையிலிருந்து வீரசேனனின் தாளை எடுத்து நீட்டினாள்.

என்னைப் பிடிக்குமா என்று இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று வந்திருந்தேன். புதுச் சட்டை. என் சட்டைப் பையில் சீட்டு இரண்டும் இருந்தன, எதற்கு எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை.

"மல்லிகா ஒரு சீட்டுகூட எழுதலியா?"

"இல்லலா."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

தலையாட்டினாள். பஸ் வந்தது. படியில் ஏறி நின்று, அழுகையோடு சிரித்தாள்.

"நீங்களாவது உள்ளத உள்ளபடி சொன்னீங்க. தேங்க்ஸ், அண்ணே."