ராஜா காலத்துக் கொல்லன்

ஹாலிஎல தேயிலைத் தோட்டம், இலங்கை, மாசி மாதம்

என் பிரியமுள்ள மனைவிக்கு,

நான் சுகம். பாப்பா நடக்கிறாளா?

திருச்சியில் பாதிரி டாக்டர் நான் நடப்பதற்காக என் கால்களுக்கு மாட்டிய இரும்புச் சட்டம் பற்றி இங்கே யாருக்கும் தெரியாது. பட்டறையில் நின்றே வேலை செய்வதால் நொண்டுவதும் தெரிவதில்லை. தோட்டத்துத் துரைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்.

நேற்று துரை, விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்ட, எனக்கு ராஜா காலத்துக் கொல்லன் வேஷம் போட்டு உலையடியில் நிறுத்தினார். நீள அங்கி கால்களை மறைத்தது. ஆனால் உலைச் சூட்டில் சட்டம் சூடேறிக்கொண்டே வந்தது. அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. விலகி நடந்தால் நொண்டுவது தெரியும் என்று அங்கேயே நின்றேன்.

திடீரென்று பொறி பறந்து அங்கியில் பற்றியது. துருத்தி ஊதும் இருளாயி ஓடிவந்து, அங்கியைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டினாள். சட்டம் இரண்டும் எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டன.

"அது என்னா?" என்றார் துரை.

இருளாயிதான் சொன்னாள்: "அந்தக் காலத்துக் கால்கவசமுங்க தொரை. சண்டைக்குப் போடுறது."

துரை கைதட்டினார். "ரொம்ப நல்லாருக்கு! நாளைக்கு வெளிய தெரியப் போடு."

இன்று அங்கியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, எல்லார் முன்னாலும் நொண்டியே நடந்தேன். கவசம் கனமாக இருக்கும்போல என்று விருந்தாளிகள் பேசிக்கொண்டார்கள்.

கால் புண்ணுக்கு எண்ணெய் போட்டிருக்கிறேன். பயப்படாதே.

உன் வீட்டுக்காரன்