வெட்டி எறிந்த 'ங்க'

நீ சேர்த்த 'ங்க'வை அவர்கள் வெட்டி எறிந்துவிட்டார்கள். நீ செத்த பிறகு, ஓட்டெடுத்து, முறைப்படி வெட்டினார்கள்.

எனக்கு இது போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. உன் அம்மாவைப் பார்க்கலாம் என்று, ஸ்ரீரங்கத்தில் அவர் கூட்டிப் பெருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போயிருந்தேன். படிக்கட்டு முழுக்க பினாயில் வாசனை. உனக்கு அது பிடிக்காது. சோறு பிசைந்து கொடுக்கும் கையிலும் அதே வாசனைதான் வரும் என்பாய். நான் படியில் நின்று அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்தது. வேலை மாற்றலாகி வந்து புதிதாகக் குடியேறிய வடநாட்டு இளைஞன் எட்டிப் பார்த்தான். நல்ல முகம். ஒரு கையில் குப்பைப் பை. தான் கற்ற தமிழைப் பெருமையாக, சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டான்.

"ஏய், ப்ளீஸ், இங்க வா. குப்பை எடு."

"இதோ வர்றேங்க தம்பி" என்று உன் அம்மா படியேறினார்.

அவனைத் திட்டத்தான் வாயெடுத்தேன். அந்த 'ப்ளீஸ்' தடுத்துவிட்டது. மரியாதையாகப் பேசுவதாகவே அவன் நினைத்துக்கொண்டிருந்தான். தமிழ் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். போனை எடுத்துக் காட்டினான். தமிழ் கற்றுத்தரும் நம்முடைய தளம். 'வீட்டு வேலை' என்ற பாடம். நீ திருத்திய பாடம்.

அங்கே சம்பளத்துக்கு எழுதும் வாத்தியார் யாரும் கிடையாது. யார் வேண்டுமானாலும் கணக்குத் திறந்து வாக்கியம் சேர்க்கலாம், குரல் பதியலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம். எதற்கு ஓட்டு அதிகமோ அது பாடத்தில் ஏறும். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில் நான் அதில் சேர்ந்தேன். என்னோடு படித்துவிட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடையில் நின்றுகொண்டிருந்த உன்னையும் இழுத்துவிட்டேன். தேர் இழுப்பதுபோல எல்லாரும் ஒரு கை பிடிக்க வேண்டும் என்று அதன் முகப்பில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். நீ சிரித்தாய்.

"வடத்தப் புடிக்க யார யாரெல்லாம் விடறாங்கன்னு மொதல்ல பாருடா."

ஆரம்பத்தில் எல்லாம் விளையாட்டுதான். குரல் பதிய ஸ்ரீரங்கத்தில் அமைதியான இடம் ஏது? தெருவுக்குத் தெரு ஹாரன், ஒலிபெருக்கி. கடைசியில் நீதான் ஏ.டி.எம். அறையைக் கண்டுபிடித்தாய். கதவைச் சாத்தினால் ஏசி இரைச்சல் மட்டும். உள்ளே நின்று போனைப் பார்த்து, "முக்கொம்புக்குப் போற பஸ் எப்ப வரும்ங்க?" என்று நீ அழகாகக் கேட்க, காவலாளி கண்ணாடியைத் தட்டினார்.

"ஏம்மா, மிஷின்கிட்டயா பஸ் கேக்கற? அது காசே ஒழுங்காக் குடுக்காது."

அவர் குரலும் பதிவில் விழுந்துவிட்டது. சிரித்து முடித்து வெளியே வந்து அவருக்குப் பாடத்தைப் பற்றி விளக்கினாய். உங்களை இங்கே வருபவர்கள் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டாய், அதையும் ஒரு வாக்கியமாகச் சேர்க்கலாம் என்று. "எங்க கூப்பிடறாங்க? கையச் சொடுக்குவாங்க" என்றார்.

அதன் பிறகுதான் பாடங்களை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தாய். டாக்டருக்கு 'வாங்க'. மேனேஜருக்கு 'உட்காருங்க'. ஆட்டோ ஓட்டுபவருக்கு 'நிறுத்து'. காய்கறி விற்பவருக்கு 'குறைத்துக் கொடு'. வீட்டு வேலைக்கு வருபவருக்கு 'ஏய், இங்க வா', 'தேய்', 'நாளைக்குச் சீக்கிரம் வா'. யாரும் கூடிச் சதி செய்யவில்லை. அவரவர் வீட்டில் பேசுவதை ஆளுக்கொரு வாக்கியமாக எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். உலகத்தில் எவனோ ஒருவன் தமிழின் முதல் வார்த்தைகளைக் கற்கும்போதே, யாரை வா என்பது, யாரை வாங்க என்பது என்றும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருந்தான்.

நீ ஒவ்வொன்றாக 'ங்க' சேர்த்துக்கொண்டே போனாய். நான் சண்டை போட்டேன்.

"ஊர்ல அப்படித்தானடி பேசறாங்க? இருக்கறதத்தான் சொல்லித் தரணும். பொய்த் தமிழச் சொல்லிக் குடுக்கச் சொல்றியா?"

"ஊர்ல எச்சியும்தான் துப்பறாங்க. அதுக்கு ஒரு பாடம் வெப்பியா?"

"நான் உன்ன வா போன்னுதான கூப்பிடறேன்?"

"நானும் உன்ன வாடா போடாங்கறேன்ல. ரெண்டு பக்கமும் 'வா'ன்னா சிநேகம். ஒரு பக்கம் மட்டும்னா திமிரு. நாம ரெண்டு பேரும் ஒரே காலேஜ்தான படிச்சோம், உனக்கு மட்டும் எப்படிடா மண்டைல ஏறல?"

விவாதப் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு பெரியவர் நீளமாக எழுதினார். வேலை செய்பவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர் மாதிரி, பெற்ற தாயையே 'வா' என்றுதான் கூப்பிடுகிறோம், அன்பில் மரியாதை பார்க்கக் கூடாது என்றார். படித்தபோது எனக்கே நியாயம் மாதிரித்தான் தெரிந்தது. நீ ஒரு வரி போட்டாய்: "அப்ப அவங்களும் உங்கள 'வா'ன்னு கூப்பிடலாமா சார்?"

ஆனால் கேள்வி கேட்டால் போதாது, ஓட்டு வேண்டும். கடைக்கு வந்தவர்களைப் பிடித்தாய். "ஸ்கிரீன் கார்டு ஒட்டற வரைக்கும் சும்மாதானங்க நிக்கறீங்க? ஒரு கணக்கத் தொறந்து ஒரு ஓட்டுப் போடுங்க." பூக்காரம்மா, லால்குடி பஸ்ஸின் கண்டக்டர், ஹோட்டலில் மேஜை துடைப்பவர் எல்லாரும் போட்டார்கள். 'வாங்க' பாடத்தில் ஏறியது.

கொஞ்ச நாள் கழித்து, அந்தக் குடியிருப்பில் தமிழ் தெரியாமல் வந்து நம் தளத்தில் கற்ற ஒரு டீச்சர் உன் அம்மாவை "வாங்கம்மா, உட்காருங்க" என்றாராம். அம்மா உன்னிடம் சொன்னதை நீ கடையில் வைத்து எனக்கு நடித்துக் காட்டினாய்: "யாரயோ கூப்பிடறாங்கன்னு திரும்பிப் பாத்தேன்டி. பின்னாடி ஒருத்தருமே இல்ல." சொல்லிவிட்டு, கண்ணாடிப் பெட்டியில் ஏற்கெனவே சரியாக இருந்த போன் கவர்களை வெகுநேரம் அடுக்கிக்கொண்டிருந்தாய்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான் என்று கடைக்கும் போனாய். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நிலைமை கைமீறியிருந்தது. அவசரத்தில் இருந்த நர்ஸ் ஒருவர் உன் அம்மாவிடம், "ஏம்மா, தள்ளி நில்லு" என்றார். நீ கண்ணைத் திறக்காமலே, "நில்லுங்கன்னு சொல்லுங்க சிஸ்டர்" என்றாய். உன் வாயிலிருந்து நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து பாடத்தின் பழைய மாற்றங்களைத் தேடினேன். தளத்தில் புது விதி. தொடர்ந்து பங்களிக்காத கணக்குகளின் ஓட்டு செல்லாது. பூக்காரம்மாவும் கண்டக்டரும் பிறகு எங்கே போய்ப் பங்களிப்பார்கள்? அவர்கள் ஓட்டெல்லாம் கழிந்தது. உன்னுடையதும் கழிந்தது, செத்தவள் பங்களிப்பதில்லை அல்லவா? மிஞ்சியவர்கள் கூடி, 'இயல்பான வழக்கு' என்று குறிப்பெழுதி, 'வா'வைத் திரும்ப உட்கார வைத்தார்கள். வேலைக்குப் பஸ் பிடித்து ஓடாதவர்கள், மடிக்கணினி வைத்திருப்பவர்கள், சாயங்காலம் சும்மா இருப்பவர்கள்: கூட்டம் என்று தளம் சொல்வது இவர்களைத்தான். உன் அம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்று முடிவு செய்த கூட்டத்தில் உன் அம்மாவுக்கு ஓட்டு இல்லை.

குப்பையைக் கொட்டிவிட்டு வந்த அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "பாவம், அந்தத் தம்பிக்கு யாரோ தப்பாச் சொல்லிக் குடுத்துட்டாங்க. நீ ஒண்ணும் கேட்டுடாதப்பா" என்றார். கேட்டுவிட்டேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. இறங்கி வந்து, "சாரி, அம்மா. வாங்க" என்று தட்டுத் தடுமாறிச் சொன்னான். பிறகு என்னைப் பார்த்து, பாடத்தில் ஏன் அப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டான். ஒருவனை ஒரு படிக்கட்டில் நிறுத்தித் திருத்தலாம். எத்தனை படிக்கட்டில் போய் நிற்பது?

உன்னால் எனக்கு நிம்மதி போனது. டீக்கடையில், கல்யாண மண்டபத்தில், டவுன் பஸ்ஸில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று காது தானாகப் பிரித்துக்கொண்டே இருக்கிறது. இருக்கிறதைத்தான் சொல்லித்தர வேண்டும் என்ற என் வாதத்தை நான் இன்னும் முழுதாக விடவில்லை. ஆனால் இருக்கிறது என்று யார் சொல்வது என்ற கேள்வியை நீ உள்ளே போட்டுவிட்டுப் போய்விட்டாய். அது கிடந்து குடைகிறது.

உன் வரிகளைத் திரும்பச் சேர்த்தேன். உடனே நீக்கினார்கள். விவாதப் பக்கத்தில் கேட்டேன். பதில் இல்லை. இன்று காலை அதே இடத்தில் மறுபடி எழுதியிருக்கிறேன்:

"ஓட்டுப் போட்ட உங்களில் ஒருவர் ஸ்ரீரங்கத்துக்கு வாருங்கள். பெருக்கிக்கொண்டிருக்கும் அந்த அம்மாவின் முகத்துக்கு நேராக 'ஏய், இங்க வா' என்று சொல்லுங்கள். அவர் திருப்பி, 'ஏன், நீ இங்க வா' என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். சிரித்த முகத்தோடு அதைக் கேட்டு நிற்க முடிந்தால் பாடம் அப்படியே இருக்கட்டும். முடியாதென்றால் அவர் மகள் எழுதியதைத் திரும்பப் போடுங்கள். எதைச் செய்யப் போகிறீர்கள்? சொல்லுங்கள்."