கையில் கட்டிய கயிறு

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
1946 மார்ச்சு 9

அன்பு மகள் பேபிக்கு அம்மா எழுதிக்கொள்வது. கொழும்பில் நீயும் மருமகனும் வயிற்றுப் பிள்ளையும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன், இங்கே நானும் உன் தம்பி இனிகோவும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் நலமென்று எழுதக் கை வரவில்லை.

தலைப்பிரசவத்துக்கு வா என்று நீ எழுதிய காகிதத்தை அவன்தான் முதலில் பிரித்துப் படித்தான். அன்றைக்கே சோறு இறங்கவில்லை, சாராயக் கடையே கதியென்று கிடந்தான், தூக்கமும் இல்லை, மறுநாள் அதே உடம்போடு சங்கு குளிக்கப் போனான். தங்கை தாலி நிலைக்க வேண்டுமென்று குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றைத் தோணியில் மச்சான்தானே பிடிப்பது நம் வழக்கம், இவன் பெண்டாட்டி பிலோமி கோபித்துக்கொண்டு தாய்வீடு போன பிறகும் அவள் அண்ணன் ரோச்தான் பிடிக்கிறான். கீழே போனவன் மேலே தூக்கச் சொல்லிக் கயிற்றை அசைக்கவே இல்லையாம். ரோச் பயந்துபோய் இழுத்துப் போட்டிருக்கிறான். தோணியில் ஏறியதும் இவன் ஏலே, ஏன் இழுத்தே என்று அவனை அடித்தானாம், சாயங்காலம் அவன் காலைக் கட்டிக்கொண்டு நீதாம்ல என் உயிரு என்று அழுதானாம். பிலோமியிடமும் இப்படித்தான், காலையில் தெய்வம் என்பான், பொழுது சாய்வதற்குள் சண்டாளி என்பான்.

பேய் பிடித்திருக்கிறது என்று கோயில் கோயிலாகக் கொண்டுபோய்க் கிடத்தினோம். டாக்டர் பேயுமில்லை ஒன்றுமில்லை, நேரத்துக்குச் சோறும் தூக்கமும் வேண்டும், சாராயத்தைத் தொடக்கூடாது என்றார். அப்படி இருக்கிற நாளில் தங்கமான பிள்ளை, எனக்கு மீன்கூட அரிந்து தருகிறான். யாராவது விட்டுப் போவார்களோ என்ற நினைப்பு வந்தால் எல்லாம் போச்சு. குடிப்பதால் இப்படியா, இப்படி இருப்பதால் குடிக்கிறானா என்று டாக்டருக்கே விளங்கவில்லை, எனக்கு என்ன விளங்கும். சில நேரம் இவனைப் பெற்றதற்கே வெறுப்பு வருகிறது, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல.

இப்போது மதியச் சோறு தின்றுவிட்டுத் தூங்குகிறான். குளிகயிற்றின் ஒரு முனை அவன் இடுப்பில், மறுமுனை என் இடது கையில். யம்மா, நீ எந்திச்சா எனக்குத் தெரியணும் என்று அவனே கட்டிவிட்டான். மிச்சக் கயிற்றைத் தன் இடுப்பிலேயே சுற்றிக்கொண்டான், வாசலுக்கே எட்டாது. முடிச்சை அவிழ்க்கத் தெரியாதவள் இல்லை நான். அவிழ்த்துவிட்டுக் கப்பலேறினால் அப்புறம் கடலுக்கடியில் அவன் கயிற்றை அசைக்கவே மாட்டான், அதற்குத்தான் பயப்படுகிறேன்.

அதனால் நான் வரமாட்டேன் மகளே. மாமியாரைத் தாயாக நினைத்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, பாரம் தூக்காதே. மாதா உன்னைச் சுகமாகப் பிழைக்க வைப்பாள். இந்தக் காகிதத்தை ரோச் ஜன்னலில் வாங்கிப்போய்த் தபாலில் போடுவான். பதிலில் மறக்காமல் அம்மா நீ வரவேண்டாம் என்று நீயே எழுது, அவன்தான் முதலில் படிப்பான்.

உனக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம்.

உன் அம்மா
சூசையம்மாள்